பத்தரை வருடம் கூடவே இருந்த கல்விக் கடன்: ஒரு விமர்சனம்

எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணின் அம்மா போன வாரம் வந்து கேட்டார். "நீ பேங்க்குல லோன் வாங்கித்தானம்மா இன்ஜினியரிங் படிச்ச? எப்படி, வாங்கலாமா?" வாசலில் நின்றபடி கேட்ட கேள்விக்கு வாசலில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. "எழுதித் தர்றேன் அக்கா" என்றேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுவிட்டது.

நான் வாங்கியது, இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி பொதுத்துறை வங்கிகள் எல்லாமே கொடுக்கிற சாதாரணக் கடன். எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை. சரக்கு எங்கும் ஒன்றுதான், கொடுக்கும் கைதான் கிளைக்குக் கிளை மாறும். 2014 ஆகஸ்டில் வாங்கினேன். 2025 மார்ச்சில் முடித்தேன். நடுவில் மூன்று மேலாளர்கள் மாறினார்கள், அப்பாவுக்கு முடி நரைத்தது.

ஊர் அருப்புக்கோட்டை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர், சனிக்கிழமை வாரக் கூலி. கவுன்சலிங்கில் ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்புப் பொறியியல்) கிடைத்தது, சுயநிதிக் கல்லூரி. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையில் கட்டணத்தில் ஒரு பகுதி கழிந்தது. மிச்சக் கட்டணமும் ஹாஸ்டலும் சேர்த்து வருடத்துக்கு 70,000 தேவைப்பட்டது. நான்கு வருடத்துக்கு 2,80,000.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள். வெளியாள் கையெழுத்தும் வேண்டாம். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். என் வட்டி பதினொன்றரை சதவீதம். எங்கள் பக்கம் கைமாற்றாக வாங்கினால் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி, அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு, கேட்டதும் 2,80,000 ரூபாயை இந்த வட்டிக்கு வேறு யார் தருவார்கள்? யாரும் தர மாட்டார்கள். அதனால் கடனே கெட்டது என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஆனால் "கேட்டதும்" என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. மூன்று கிளை ஏறி இறங்கினோம். முதல் கிளையில், "உங்க தெரு எங்க ஏரியாவுல வராதும்மா." இரண்டாவதில், "மேனேஜர் லீவு, அடுத்த மாசம் வாங்க." கவுன்சலிங் ஒதுக்கீட்டுக் கடிதம், கல்லூரியில் படிக்கிறேன் என்பதற்கான போனஃபைட் சான்று, கட்டண விவரம், வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ். அப்பா ஒரு வாரக் கூலியை விட்டுவிட்டு அலைந்தார். கல்விக் கடன் விண்ணப்பத்தை ஏரியாவைச் சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லியிருந்தது என்பது எனக்குத் தெரிய வந்தபோது நான் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கிளையில் கடன் கிடைத்தது. கூடவே ஒரு ஆயுள் காப்பீட்டுப் பாலிசியும் கிடைத்தது. "இதுல ஒரு கையெழுத்து" என்று நீட்டிய தாள்களில் அதுவும் ஒன்று. அது என்ன தாள் என்று அப்பா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பணம் தரப்போகிறார் என்றால் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு வாய் வராது.

அடுத்து வட்டி. படிக்கிற காலத்திலும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். கட்ட வேண்டாம் என்றால் வட்டியும் ஓடாது என்றுதான் அப்பா நினைத்திருந்தார். ஓடும். தனிவட்டியாக ஓடும். என் கணக்கில் 2019 ஜூன் வரை ஓடியது சுமார் 1,07,000 ரூபாய். இந்த இடத்தில்தான் மத்திய அரசின் வட்டி மானியம் வருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு வாங்கிய கடனின் இந்தக் காலத்து வட்டியை அரசே கட்டிவிடும். 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கிற திட்டம். எங்கள் வருமானத்துக்கு முழு மானியமும் வந்திருக்க வேண்டும். வந்தது 61,000. மீதிக்குக் கிளையிலிருந்து உரிய காலத்தில் கோரிக்கை அனுப்பவில்லை. அந்த வருடங்களின் போர்ட்டல் மூடிவிட்டது என்றார்கள். மூடிய போர்ட்டலுக்கு முன்னால் நான் என்ன செய்ய? 46,000 ரூபாய் அசலோடு சேர்ந்து, கடன் 3,26,000 ஆனது.

இதில் என் தப்பும் உண்டு. வருடா வருடம் பாஸ்புத்தகம் பதிந்து, மானியம் ஏறியிருக்கிறதா என்று பார்த்திருந்தால் அந்த வருடமே கேட்டிருக்கலாம். நான் நான்கு வருடத்தில் ஒரு முறைகூடப் பதியவில்லை. பார்க்கப் பயம்.

2018 மே மாதம் படிப்பு முடிந்தது. கேம்பஸில் வந்தவை இரண்டே கம்பெனிகள். ஒன்று வேலைக்கு முன் பயிற்சிக் கட்டணம் கேட்டது, இன்னொன்று அழைப்புக் கடிதம் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது. டிசம்பரில் சென்னைக்குப் போய், தோழியின் அறையில் நான்கு மாதம் இருந்தேன். இன்டர்வியூவுக்கு நடந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது அம்மா உணவகம். ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம். இருபது ரூபாய்க்குள் ஒரு நாள் ஓடிவிடும். டோக்கன் வாங்கித் தட்டை நீட்டினால் சாதம் விழும். "இப்ப என்னம்மா பண்ற?" என்ற கேள்வி அங்கே வராது. சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டில் அந்தக் கேள்வி ரசத்துக்கு முன்னாலேயே வந்துவிடும்.

ஊருக்குத் திரும்பியதும் பி.ஏ. படித்த பக்கத்து வீட்டுத் தோழியோடு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். பதிந்து ஐந்து வருடம் ஆகி, குடும்ப வருமானமும் வரம்புக்குள் இருந்தால், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. விண்ணப்பப் படிவத்தின் பின்பக்க விதிகளைப் படித்தோம். பொறியியல், மருத்துவம், சட்டம், விவசாயம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இது பொருந்தாது. தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு வேலை கிடைத்துவிடும் என்ற ஒரு பழைய நம்பிக்கை அந்த விதிக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. தோழி படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதே நம்பிக்கைதான் கல்விக் கடனிலும். படிப்பு முடிந்து ஒரு வருடம், அவ்வளவுதான் காத்திருப்பு. பதின்மூன்றாம் மாதம் தவணை தொடங்கிவிடும். என் கிளை 84 மாதம் என்று போட்டிருந்தது. மாதம் 5,670 ரூபாய். அப்போது நான் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன், சம்பளம் 7,500. சாயங்காலம் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன். 2019 செப்டம்பர் 1-ஆம் தேதி குரூப் 4 எழுதினேன். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு. என் அறையில் முன்னும் பின்னும் இருந்த மூவரும் பி.இ. என்று வராண்டாவில் பேசும்போது தெரிந்தது. எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் இரண்டு தவணை விட்டுப்போனது. வங்கியிலிருந்து போன் வரும். எனக்கு இல்லை, கூட்டுக் கடனாளியான அப்பாவுக்கு. தறிச் சத்தத்தில் கேட்காது என்பதால் வெளியே வந்து பேசுவார். பேசும்போது இடது கையால் வேட்டி மடிப்பை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். "கட்டிர்றோம் சார்... இல்ல சார், பொண்ணு தேடிக்கிட்டுத்தான் இருக்கு சார்." பேசி முடித்துவிட்டு என் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். ஒரு வங்கி கல்விக் கடன்களை மொத்தமாகத் தனியார் வசூல் நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டது 2016-ல் மதுரைப் பக்கம் பெரிய செய்தியாக அடிபட்டிருந்தது. அது அவர் மனதில் இருந்தது.

90 நாள் தவணை நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். எழுபதாம் நாள், பத்தாவது படிக்கும்போது அம்மா போட்ட தோட்டை அடகு வைத்தேன். நகைக் கடனை எடுத்துக் கல்விக் கடனைக் கட்டுவது முட்டாள்தனமாகத் தெரியலாம். ஆனால் சிபிலில், அதாவது வங்கிகள் பார்க்கிற கடன் வரலாற்றுப் பதிவில், வாராக்கடன் என்று ஏறிவிட்டால் தம்பிக்கு நாளைக்குக் கடன் கேட்கப் போகும்போது அப்பாவின் பெயரும் சேர்ந்து இடிக்கும்.

இப்போது இந்த விமர்சனத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தோட்டை அடகு வைத்திருக்கவே வேண்டியதில்லை. அதே மாதிரித் திட்டத்திலேயே, வேலையில்லாத காலத்துக்கும் குறைந்த சம்பளத்தில் தள்ளாடுகிற காலத்துக்கும், கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று முறை தவணையை நிறுத்திவைக்க வங்கிக்கு வழி இருக்கிறது. திருப்பிக் கட்டும் காலத்தையும் 15 வருடம் வரை நீட்டலாம். 84 மாதம் என்பது கிளை போட்ட எண், கல்லில் செதுக்கியது இல்லை. 15 வருடமாக மாற்றியிருந்தால் என் தவணை 3,810 ஆகியிருக்கும். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் வட்டி கூடும், அது உண்மைதான். ஆனால் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. நீட்டி வைத்துக்கொண்டு, கையில் காசு வந்தபோது சீக்கிரம் முடித்திருக்கலாம்.

இதை எந்த மேலாளரும் சொல்லவில்லை. மூன்றாவதாக வந்தவரிடம் நானே கேட்டபோது, "ஆமா, இருக்கும்மா. யாரும் கேக்குறதில்ல" என்றார். குறை சொல்லும் தொனியில் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எங்களுக்கு இருக்கிற ஒரே நல்ல கதவு, அதற்கு மேலே போர்டு இல்லை.

இதற்கு நடுவில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி தவணைகளை நிறுத்திவைக்க வங்கிகளுக்கு அனுமதி தந்தது. முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை. ஜவுளிக் கடை மூடியிருந்தது. வட்டி மட்டும் மூடவில்லை. பிறகு வட்டிக்கு வட்டியை அரசு திருப்பித் தரும் என்றார்கள். நவம்பர் மாதம் என் கணக்கில் 422 ரூபாய் ஏறியது. அப்பாவிடம் காட்டினேன். "சரி, ஒரு சேலைக் கூலி" என்றார்.

கல்யாணப் பேச்சையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதை வங்கி விளம்பரத்தில் போட மாட்டார்கள். 2020 கடைசியில் தரகர் ஒருவர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து ஜாதகத்தைப் பார்த்தார், நட்சத்திரம் கேட்டார், எல்லாம் நன்றாகப் போனது. எழுந்திருக்கும்போது செருப்பை மாட்டியபடி, "அண்ணாச்சி, பாப்பாவுக்கு லோன் இருக்காமே? அதை யாரு கட்டுவா?" என்றார். அப்பா, "நாங்கதான் கட்டுவோம்" என்றார். "நீங்க சொல்லுவீக. பேரு பாப்பா பேருல தான இருக்கு." அவ்வளவுதான், அந்தப் பேச்சு அதோடு போயிற்று. பையன் வீட்டாரைச் சொல்லிக் குற்றம் இல்லை. பையனுக்கும் பி.இ. கடன் இருந்திருக்கும்.

2021 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் வேலை கிடைத்தது. 13,500 சம்பளம். படித்ததற்கும் பார்ப்பதற்கும் உள்ள சம்பந்தம், கன்ட்ரோல் பேனலில் இருக்கிற ஒரு போர்டு அளவுக்குத்தான். பரவாயில்லை, அந்த போர்டைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தேன். அந்த மூன்றாவது மேலாளரிடம் எழுதிக் கொடுத்து, காலத்தை நீட்டி, தவணையை 4,200 ஆக்கிக்கொண்டேன். விண்ணப்பம் ஒரு பக்கம், சம்பளச் சீட்டு ஒன்று, அப்பாவின் கையெழுத்து ஒன்று. அரை மணி நேர வேலை. ஒன்றரை வருடத் தூக்கத்தை அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகக் கொடுத்திருக்கிறேன்.

தீபாவளி போனஸ் வந்ததும் துணிக் கடைப் பக்கம் தலை வைக்காமல் நேராகக் கடனில் போட்டேன். கடைசியில் இரண்டு லட்சம் சீட்டு எடுத்து மொத்தமாக முடித்தேன். வாங்கியது 2,80,000. நான் கட்டியது ஐந்து லட்சத்துக்கு ஏறக்குறைய. படிப்புக் கடனின் வட்டிக்குப் பழைய வரி முறையில் வருமான வரிக் கழிவு உண்டு என்று பலரும் சொல்லுவார்கள். வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது நல்ல சலுகைதான்.

சரி அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாங்கலாமா? வாங்கலாம். வட்டிக்காரரிடம் போவதற்கும் இருக்கிற ஒரே வீட்டை அடமானம் வைப்பதற்கும் இது எவ்வளவோ மேல். ஐந்துக்கு எத்தனை என்றால், கடனுக்கு மூன்றரை தருவேன். கொடுத்த கிளைக்கு ஒன்றரைதான், அதிலும் ஒன்று அந்த மூன்றாவது மேலாளருக்காக.

ஆனால் கடனைப் பார்ப்பதற்கு முன்னால் கல்லூரியைப் பாருங்கள். இதுதான் நாங்கள் செய்யாமல் விட்டது. 2018 ஏப்ரலுக்குப் பிறகு வாங்குகிற கடன்களுக்கு, நாக் (கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியாகவோ என்.பி.ஏ. (பாடப்பிரிவின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவாகவோ இருந்தால்தான் அந்த வட்டி மானியம். கல்லூரிக்காரர்கள் "எல்லாம் இருக்கு" என்பார்கள். உங்கள் பாடப்பிரிவுக்கு இருக்கிறதா, எந்த வருடம் வரை என்று கேளுங்கள். 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி என்று ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருப்பவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை. ஆனால் தரவரிசையில் உள்ள குறிப்பிட்ட நிறுவனங்களுக்குத்தான். பாப்பாவுக்குக் கிடைக்கிற இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது "நீங்க வரவே இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது. காப்பீட்டுத் தாளை நீட்டினால், படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறோம் என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வந்து சொல்லுகிறேன், எனக்கு இப்போது வாய் வந்துவிட்டது. வருடா வருடம் பாஸ்புத்தகத்தைப் பதிந்து மானியம் ஏறியதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், காசு கிடையாது. எப்படிப் போவது என்று கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்று 2022-லேயே சுற்றறிக்கை வந்துவிட்டது.

வேலை கிடைக்காமல் போனால், போன் வருவதற்கு முன் நீங்களே கிளைக்குப் போங்கள். பாப்பாவை மட்டும் அனுப்பாதீர்கள். கூடவே போங்கள்.

முடித்த கதையோடு நானும் முடித்துக்கொள்கிறேன். மார்ச் மாதம் கவுன்ட்டரில் கேட்ட தொகையைக் கட்டிவிட்டு, அப்பாவும் நானும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆளுக்கொரு காபி குடித்தோம். மே மாதம் ஒரு குறுஞ்செய்தி. உங்கள் கல்விக் கடன் கணக்கில் நிலுவை 14 ரூபாய். கடைசி நாள் வட்டியைக் கூட்டாமல் தொகை சொல்லியிருக்கிறார்கள். லீவு போட்டு, கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. "ஐயோ, இதுக்காகவா அக்கா வந்தீங்க?" என்று சிரித்தாள். பதினைந்து ரூபாய் கொடுத்தேன், ஒரு ரூபாய் மீதி தந்தாள். கடன் இல்லை என்ற சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன். 14 ரூபாய்ச் சலானை, டிகிரி சர்டிபிகேட் இருக்கிற அதே பிளாஸ்டிக் ஃபைலில், அதற்கு முன்னால் செருகி வைத்திருக்கிறேன்.